கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் மலைநாட்டின் கற்களும்

விழா மலரிலே பெரியார் ஒருவரின் சரிதம் இடம்பெறல் வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, யாரைத் தெரிந்தெடுப்பது என்பது பற்றி நாம் நெடுநேரம் ஆலோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயரை அறியாத பழைய மாணவர் நம்மில் இலர். நடராச வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு விளக்கியவர், கலாயோகி என்று போற்றப்படுபவர் என்ற அளவில் அன்னாரை யாவரும் அறிவர். ஆயினும் அவர் முதலிற் கற்றதும், பட்டம் பெற்றதும், அரசாங்கப் பதவி வகித்ததும் கலைத்துறையில் அன்று. கல்லையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியலிலேயாம். மலைநாட்டிற் பிறந்து வளர்ந்த நாம் அறியவேண்டிய பகுதி அதுவே எனக் கருதி இதனை எழுதலாயினோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் சிறுவராய்த் திரிந்த காலத்தில், தோட்டத்து ஓடை மணலிலே பளபளக்கும் துகளைக் கண்டு பொன்னென்று ஓடிவந்து காட்டாதார் நம்மிற் சிலரே. அது காக்காய்ப்பொன் என்று பெரியவர்கள் சொல்ல, முகம் வாடித் திரும்பினோம். இந்த மலைகளிலே தங்கம் உண்டா, உண்டெனின் எங்கே தேடுவது என்ற வினா மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. அவ்வினாவை முறையாகக் கேட்கும் வழியை இந்நாட்டுக்குக் காட்டியவர்களுள் முன்னின்றவர் ஆனந்த குமாரசுவாமி அவர்களே.

அன்னார் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. ஆங்கில நாட்டிலே பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்து. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863ஆம் ஆண்டில் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருக்கு மருகர். தாயார் எலிசபெத் அம்மையார் ஆங்கிலேயர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னே, 1879ஆம் ஆண்டில், தந்தையார் காலமானார். அதனால் ஆனந்தர் தாயாருடன் இங்கிலாந்திலேயே வளர நேர்ந்தது.

பன்னிரண்டாம் வயதில் குளொஸ்டர்சயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அக்கல்லூரியை அடுத்து டோவரோ என்னும் ஒரு குன்று உண்டு. மாணவர் பலர் விளையாடிவந்த அக்குன்றின் பாறைகளை ஆராய்ந்து, 1895ஆம் ஆண்டில் தம் கல்லூரிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். பின்னாளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் நூல்களும் எழுதிய அப்பேரறிஞரின் எழுத்துப் பணி ஒரு கல்லூரிச் சஞ்சிகையிலே தொடங்கியது என்பதை, இம்மலரைப் புரட்டும் இளம் மாணவர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பார்களாக. கல்லூரிக்குப் பின்னால் நிற்கும் குன்று எந்த ஊரிலும் உண்டு. அதைப் பார்க்கும் கண்தான் அரிது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று, 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவர் எழுதிய ஆய்வு, இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1902ஆம் ஆண்டில், கண்டிக்கு அணித்தான அம்பக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த நீலநிறக் கனிப்பொருள் ஒன்றை, பிரையர் என்பவருடன் சேர்ந்து, உலகம் அதுவரை அறியாத புதுப்பொருள் என நிறுவினார். நம் தீவின் பழம்பெயரான செரண்டிப் என்பதையொட்டி அதற்குச் செரண்டிபைற்று என்று பெயரிட்டனர்.

1903ஆம் ஆண்டில் இலங்கையிற் கனிப்பொருளளவை தொடங்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இன்றுள்ள புவிச்சரிதவியல் அளவைப் பணியகத்துக்கு அதுவே முன்னோடி. புகையிரதம் அக்காலத்திற் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேதான். மலைநாட்டின் பெரும்பகுதியைக் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலுமே கடக்க வேண்டியிருந்த காலம் அது. மனைவியார் எதெல் அம்மையாரும் பயணங்களில் உடன் சென்றார்.

கருவிகள் மிகுந்த இக்காலத்து மாணவர்கள், அன்றைய அளவையாளர் எவ்வாறு தேடினர் என்று வியக்கக்கூடும். அவர்களுக்குப் பெருந்துணையாயிருந்தது மாணிக்கம் அரிப்போரின் பழைய முறையாகும். மலையிலுள்ள பாறை வெயிலாலும் மழையாலும் சிதைகிறது. சிதைந்ததை ஓடை அடித்துச் செல்கிறது. இலேசான மணல் தூரம் போக, பாரமான துகள்கள் ஓடையின் வளைவிலும் பாறை இடுக்கிலும் தங்கிவிடுகின்றன. இல்லம் எனப்படும் அச்சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றினால், பாரமானவை அடியில் எஞ்சும். அடியில் எஞ்சியதைக் கண்டால், மேலே மலையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஓடை இரண்டாகப் பிரியும் இடந்தோறும் இரு கிளையிலும் அரித்துப் பார்த்து, எக்கிளையில் அப்பொருள் மிகுகிறதோ அக்கிளைவழியே ஏறிச் சென்றால், ஈற்றில் அது பிறந்த பாறையை அணுகலாம். இக்காலத்து இரசாயன அளவைக்கும் அடிப்படை இதுவே.

இம்முறையின் வெற்றிக்குச் சிறந்த சான்று 1904ஆம் ஆண்டிற் கிடைத்தது. சப்பிரகமுவ மாகாணத்துப் பம்பரபொட்டுவைப் பகுதியிலே, ஹொலண்ட் என்னும் மாணிக்க அகழ்வாளர், சரளையிற் கறுத்துப் பாரமாய்ச் சதுரமாயிருந்த சில மணிகளைக் கண்டார். கூலியாட்கள் வீசி எறியக்கூடிய கற்கள் அவை. ஆனந்த குமாரசுவாமி அவற்றை ஆராய்ந்து, யுரேனியம் சார்ந்த பொருளாயிருக்கலாமென முதலிற் கருதினார். இங்கிலாந்திற் பேராசிரியர் டன்ஸ்ரன் முதலியோர் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பகுதி தோரியம் அடங்கிய புதிய கனிப்பொருள் அதுவெனத் தெளிவாயிற்று. தோரியனைற்று என்னும் பெயரும் சூட்டப்பட்டது. எரிவாயு விளக்குகளின் வலைக்குத் தோரியம் வேண்டப்பட்ட காலமாதலால் அதன் விலை உயர்ந்தது. முன்னர் தாம் கருதியது தவறெனக் கண்டதும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மேற்கொண்டு தேடிய மனப்பான்மையே அவரிடம் நாம் கற்கவேண்டிய முதற் பாடம்.

இனித் தங்கத்தின் கதைக்கு வருவோம். நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே அம்மலைகளின் தங்கத்தைப் பற்றியும் எழுதியுள்ளார். இலங்கையின் ஆற்றுச் சரளைகள் சிலவற்றிற் பொற்றுகள் சிறிதளவு கிடைப்பதும் உண்மையே. ஆனால் துகள் உண்டு என்பதிலிருந்து சுரங்கம் உண்டு என்பதற்குப் பாய்ந்துவிடல் ஆகாது. அவ்வாறு பாய்ந்ததனால் விளைந்த கேட்டை அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் நம் தோட்டங்களை விட்டுச் சென்ற பல குடும்பங்கள் இன்று வாழும் கூடலூர், பந்தலூர் மலைகளிலேயே அது நிகழ்ந்தது. அங்கே கோப்பித் தோட்டங்களின் நடுவே வெண்கற் படைகளில் தங்கம் கிடைத்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட புரோ சிமித் என்னும் நிபுணர் 1880ஆம் ஆண்டில் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் இலண்டனிற் பணம் திரட்டின. காடுகள் வெட்டப்பட்டன, இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளுக்குள் யாவும் கவிழ்ந்தன. அதே காலத்தில் மைசூர் நாட்டுக் கோலாரிலே மட்டும் தங்கம் மெய்யாகவே கிடைத்து, பூமிக்கு அடியில் மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழம்வரை தமிழ்த் தொழிலாளர் இறங்கி உழைத்தனர். அச்சுரங்கமும் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

கோலாரிற் கிடைத்தது நம் மலைகளில் ஏன் கிடைக்கவில்லை? கோலாரின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழைமையுடைய எரிமலைப் பாறைகள். அவற்றின் பிளவுகளினூடே சென்ற வெந்நீர், கரைத்துக் கொண்டுவந்த பொன்னை வெண்கல்லோடு படியவிட்டது. ஊவாவின் பாறைகளோ, ஏறத்தாழ 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் உள்ளே இருபத்தைந்து கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அமிழ்ந்து, கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. பதுளையின் சலவைக்கற் படைகளும், பண்டாரவளையின் படிகப் பாறைகளும், நாம் நாடோறும் காணும் கருங்கற் குன்றுகளும் அவ்வாறு உருவானவையே. பொன் படிவதற்கு ஏற்ற நிலைமைகள் பெரும்பாலும் அத்துணை ஆழத்திலும் வெப்பத்திலும் அமைவதில்லை. மாணிக்கத்தையும் காரீயத்தையும் தந்த அதே வெப்பம் பொன்னுக்கு உகந்ததாயிருக்கவில்லை எனலாம்.

எனினும் தேடல் முடிந்துவிட்டது என்று சொல்லுவதற்கில்லை. குமாரசுவாமியின் காலத்திற்குப் பின்னர் இரு பெருந்துறைகள் வளர்ந்துள்ளன. ஒன்று, ஓடை வண்டலையும் மண்ணையும் எடுத்து ஆய்கூடத்தில் அளக்கும் இரசாயன அளவை. சாதாரணப் பாறையில் நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்கே பொன் உண்டு. அது எங்கே பன்மடங்காகிறதோ அங்கே ஐயம் எழுகிறது. பொன் துகளாய்ச் சிதறிக் கிடப்பதால் ஒரு கைப்பிடி மண்ணில் அகப்படாமலும் போகலாம். ஆதலால் அதனோடு கூடிப் பிறக்கும் ஆசனிக்கு, அந்திமனி முதலியவற்றையும் அளந்து, தோழரைக் கொண்டு ஆளை அறிவதுபோல் அறிவர். மற்றொன்று, நிலத்தைத் தோண்டாமலே அதன் காந்த வலிமையையும், மின்னோட்டத்தை அது தாங்கும் விதத்தையும், ஈர்ப்பின் நுண்ணிய வேறுபாட்டையும் அளக்கும் பௌதிக அளவை. இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால் அவ்விடத்தைத் துளையிட்டுப் பார்ப்பர். ஒன்று மட்டும் சுட்டினால் பொறுப்பர்.

நம் தோட்டப் புறங்களில் இப்பொறுமை மிகவும் வேண்டப்படும். கோப்பிக்காகக் காடு அழிந்த நாள் முதல் சரிவுகளின் மேல்மண் அரித்தோடிக்கொண்டேயிருக்கிறது. ஆகவே ஓரிடத்து மண் அவ்விடத்துப் பாறையிற் பிறந்ததென உறுதியாகக் கூறமுடியாது. 1946ஆம் ஆண்டிற் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கிய பின், செம்பு கலந்த மருந்துகள் மலைமுழுதும் தெளிக்கப்பட்டன; அம்மண்ணிற் செம்பு மிகுந்து காணப்பட்டால், அது பூமி தந்த செம்பா, கங்காணி நிறுத்திய ஆள் தெளித்த செம்பா என்று ஆராய வேண்டும். லயத்துத் தகரக் கூரையும் தொழிற்சாலை இரும்பும் காந்தக் கருவியை மயக்கும். எல்லாவற்றிலும் பெரிய மாயக்காரன் காரீயம். நம் பாறைகள் பலவற்றிலே பரந்து கிடக்கும் அது மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கந்தகத்தோடு கூடிய உலோகத் தாது கீழே இருப்பதுபோலக் கருவிக்குத் தோற்றும். இளைஞராயிருந்த குமாரசுவாமி முதன்முதல் ஆராய்ந்த காரீயமே இன்றைய அளவையாளருக்கும் முதற் சோதனையாய் நிற்பது வியப்பன்றோ!

இன்னொன்றும் கூறுவோம். மலைநாட்டுப் பாறைத்தொகுதியும் கிழக்குத் தாழ்நிலத்து விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லை, ஊவாவின் கிழக்கு அடிவாரத்தில், வெல்லவாயவையும் புத்தலையையும் அடுத்துச் செல்கிறது. அதே எல்லை வடக்கே தொடரும் இடத்தில், திருகோணமலையை அடுத்த சேருவிலையிலே, 1971ஆம் ஆண்டிற் செம்பும் காந்த இரும்பும் கலந்த தாது வெளிப்பட்டது. அதன் பரப்பை அறியக் காந்த அளவையும் மின் அளவையும் பின்னர் உதவின. பெரும் பாறைத்தொகுதிகள் பொருந்தும் எல்லைகள் தேடத்தக்க இடங்கள் என்பதை அது உணர்த்திற்று. எங்கே தேடலாம் என்று சொல்வது அறிவு; அங்கே பொன் இருக்கிறது என்று சொல்வது ஆசை. இவ்விரண்டையும் பிரித்து அறிபவனே அளவையாளன்.

குமாரசுவாமி அவர்களுக்கு இலண்டன் பல்கலைக்கழகம் 1906ஆம் ஆண்டில், இலங்கைப் புவிச்சரிதவியல் ஆராய்ச்சிக்காக, விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆனால் அதற்கு முன்னரே அவருடைய உள்ளம் வேறொரு செல்வத்தைக் கண்டுகொண்டது. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாய்ச் சென்றவர், கல்லிலும் உலோகத்திலும் வேலைசெய்யும் கைகளைக் கண்டார். பலாங்கொடைப் பகுதியிலே, மண்ணுலையில் இரும்பையும் உருக்கையும் உருக்கியெடுக்கும் பழங்குடித் தொழில் அணையும் தறுவாயில் இருந்தது. அப்புத்தளை முகட்டில் நின்று தெற்கே நோக்கினால் நம் கண்ணுக்குப் புலப்படும் நாடுதான் அது. உலைத்தொழிலையும், ஓவியர், கொல்லர், நெசவாளர் முதலியோரின் தொழில்களையும் கனிப்பொருளை எழுதும் அதே நுணுக்கத்தோடு எழுதிவைத்தார். அம்மையார் படம் பிடித்தார். 1905ஆம் ஆண்டிற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று வரைந்து, பழைய கட்டடங்களைப் பேணும்படி வேண்டினார். அவ்வாண்டிலேயே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். சுதேச மொழியில் கல்வியும் சுதேச நடையும் வேண்டுமென வற்புறுத்தினார். அவர் சேகரித்தவை 1908ஆம் ஆண்டில், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தன. தமிழ்த் தந்தைக்கு மகனாய்ப் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைஞரின் பெருமையை உலகறியச் செய்தார் என்பது இந்நாட்டார் யாவரும் நினைக்கத்தக்கது.

பதவியை விட்டு நீங்கிய பின் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கலையாராய்ச்சி செய்து, 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்தார். சிவ நடனம் பற்றிய நூல் 1918ஆம் ஆண்டிலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இந்தியா சுதந்திரம் பெற்ற சில நாட்களில் எழுபதாம் ஆண்டு நிறைவைக் கண்டு, கீழ்நாடு திரும்பி இமயச் சாரலில் அமைதியாய் வாழ விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறுமுன், 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலே காலமானார்.

அவருடைய சரிதம் ஊவாவின் பிள்ளைகளுக்குக் கூறுவது யாது? பூமியை அறிதல் பொன்னுக்காக மட்டும் அன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியுமா? அம்மலை ஆபத்தானதென ஆண்டுகளுக்கு முன்னரே அளவையாளர் எச்சரித்திருந்தனர். அறிவு ஏட்டில் இருந்தது. அம்மக்களுக்குப் பாதுகாப்பான வேறு நிலமும் வீடும் கிட்டவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே உமா ஓயாச் சுரங்கப் பாதையில் நிலத்தடி நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பிளவுபட்ட பாறையையும் அதனுள் ஓடும் நீரையும் அளந்தறிதல், தங்கம் தேடுவோரின் காந்தமும் மின்னோட்டமும் செய்யக்கூடிய வேலையே.

தலைமுறை தலைமுறையாய் இந்த மலைகளைக் கொத்தி, நட்டு, கொழுந்து பறித்தவர்கள் நம் முன்னோர். மேல்மண்ணை அவர்களைவிட நன்றாய் அறிந்தவர் எவருமிலர். ஆனால் அதன் கீழ் உள்ளதை அறியும் கல்வி அவர்களுக்கு எட்டவில்லை. இன்று அக்கல்வி நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. பேராதனையிலே புவிச்சரிதவியல் கற்பிக்கப்படுகிறது. நம் கல்லூரியிலிருந்து அங்கே செல்லும் மாணவர், தம் தோட்டத்துச் சரிவைத் தாமே அளந்து, அங்கே வாழும் தாய் தந்தையருக்கு அவர்தம் மொழியிலே எடுத்துச் சொல்லும் நாள் வரல் வேண்டும். அறிக்கை மக்களின் செவியில் விழும் வரையில் அளவை முற்றுப்பெற்றதாகாது.

நமுனுகுலையின் நிழலில் நின்று பதுளு ஓயாவின் மணலை ஒருமுறையேனும் கையிலெடுத்து உற்றுநோக்குமாறு இளைய மாணவரை வேண்டிக்கொள்கிறோம். அதில் மின்னுவது காக்காய்ப்பொன்னாகவே இருக்கட்டும். அது எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குபவர், டோவரோக் குன்றின் அடியிலே தொடங்கிய அவ்விளைஞரின் வழியிற் செல்பவராவர். அவ்வழியில் நம் கல்லூரி மாணவர் பலர் செல்வாராக. விழாக் காணும் கல்லூரித்தாய் நீடு வாழ்க.